மண்ணும் வானும் பயிரும்: நம் பிள்ளைகள் கற்க வேண்டிய கல்வி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

    

ஆண்டு விழாவில் இசையும் கூத்தும் சிறுவர் நாடகமும் இடம்பெறுதல் இயல்பு. அவற்றுக்கு நடுவே, பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் புலவர் அல்லேம், பேராசிரியரும் அல்லேம். உங்களைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்து, ஆலைத் தொழிலைப் பிழைப்பாகக் கொண்டு, இச்சத்தியவேட்டில் குடியேறியவரே. ஆதலால் யாம் சொல்வதில் புலமையைத் தேடாதீர். ஒரு பிழையை உணர்ந்தவரின் ஒப்புதலாக மட்டும் கொள்ளுவீராக.

பிழை இது. மூன்றாண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பெண் விரும்பி எழுதிய தேர்வு; தானே உழைத்துப் பெற்ற மதிப்பெண். பெற்றோர் நம் சங்கத்துப் பெரியவர் சிலரிடம் கருத்துக் கேட்டனர். அவர்களுள் யாமும் இருந்தோம். “நிலமே இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு ஏர்ப்படிப்பு எதற்கு? நாம் வயலை விட்டு வந்ததே இவர்கள் வெயிலில் நிற்கக் கூடாது என்றுதானே?” என்று அன்று சொன்னோம். பெற்றோர் அந்த இடத்தை விட்டுவிட்டனர். அப்பெண் வேறொரு படிப்பில் சேர்ந்தாள். யாமும் நல்லது செய்துவிட்டோம் என்று மகிழ்ந்திருந்தோம். அந்த மகிழ்ச்சி பொய் என்பதை எமக்குக் காட்டியவை, நம் குடியிருப்புச் சாலையோரத்தில் பட்டுப்போன கன்றுகள்.

பட்டுப்போன கன்றுகள்

நீங்கள் அனைவரும் அறிவீர்கள். சங்கத்தின் சார்பில் வேம்பும் புங்கமும் நட்டோம். முதல் ஆண்டு நட்டவை கோடையில் கருகின. மறு ஆண்டு வேலியிட்டு, முறைவைத்து நீர் ஊற்றினோம்; அவையும் பிழைக்கவில்லை. “இந்த ஊர் மண் ராசியில்லாதது” என்றார் ஒருவர். “நாற்றங்காலில் ஏமாற்றிவிட்டார்கள்” என்றார் மற்றொருவர். சென்ற ஆண்டு, பக்கத்துச் சிற்றூரின் உழவர் குடியில் பிறந்த மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். திருப்பதி வேளாண்மைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவர். கடப்பாரை ஒன்றைக் கேட்டு வாங்கி, பட்ட கன்றின் அருகே குழி தோண்டினார். ஒன்றரை அடிக்குக் கீழே கடப்பாரை கணீரென்று ஒலித்தது.

“ஐயா, கன்றில் குறையில்லை, குழியில்தான் குறை” என்றார் அவர், தெலுங்கு கலந்த தமிழில். கீழே சரளையும் கூழாங்கல்லும் இறுகிப் பாறைபோல் கிடந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் அக்குழியில் நீர் வடியாமல் தேங்கி வேர் அழுகியது. தப்பிய வேர், கோடையில் ஆழத்து ஈரத்தை எட்ட வழியின்றிக் காய்ந்தது. மூன்றடி ஆழத்துக்குச் சரளையை உடைத்தெடுத்து, ஏரி வண்டலும் மட்கிய எருவும் கலந்து நிரப்பி, மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னரே நடுமாறு அவர் சொன்னார். அவ்வாறே செய்தோம். இன்று அச்சாலையில் நின்று தளிர்ப்பவற்றை இம்மண்டபத்துக்கு வரும் வழியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கன்று நட்ட நாள் மாலையில் அப்பெண்ணின் தாயார் எம்மிடம் வந்து, “ஐயா, என் மகளும் இந்தக் கல்லூரிக்குத்தானே போவதாக இருந்தாள்?” என்று மட்டும் கேட்டார். குறை சொல்லும் குரலன்று அது. ஆயினும் அதற்கு விடை சொல்ல எம்மால் இயலவில்லை. இந்தப் பேச்சே அந்த விடைக்கான முயற்சி.

சத்தியவேட்டு நிலம் ஒரு நூல்நிலையம்

அம்மாணவர் தோண்டிக் காட்டிய கூழாங்கல் சாதாரணக் கல்லன்று. இவ்வூரின் பெயராலேயே ‘சத்தியவேடு படிவு’ என்று நிலநூலார் வழங்கும் பாறை அடுக்கு ஒன்று உண்டு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கிரேடேசியஸ் காலத்தில், நீர் உருட்டிக் கொணர்ந்த கற்களும் மணலும் படிந்து இறுகியது அது. அதனோடு தொடர்புடைய திருப்பெரும்பூதூர்ப் படிவுகளில் பழங்காலச் செடிகளின் இலைத் தடங்கள் கல்லில் பதிந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒருவகை, பார்வைக்குச் சைக்கஸ் இலையை ஒத்தது. வியப்பு என்னவெனில், சைக்கஸ் பெட்டோமி என்னும் அரிய செடி இன்றும் திருமலையைச் சார்ந்த மலைகளில் உயிரோடு வளர்கிறது. பெட்டோம் என்னும் சென்னை மாகாண வன அதிகாரியின் பெயரைத் தாங்கிய அச்செடி, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. செம்மரமும் சேஷாசலம் முதலான இப்பக்கத்து மலைகளுக்கே உரிய மரம். இவற்றைக் காக்கவே 2010ஆம் ஆண்டு சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பெற்றது.

தெற்கே ஊத்துக்கோட்டையைக் கடந்து சென்றால் பூண்டி ஏரிக்கு அண்மையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863ஆம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் என்னும் நிலநூலார் இருவர் அங்கே பழங்கற்காலக் கருவிகளைக் கண்டனர். அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. ஃபூட் வந்தது பாறையை அளக்க. கண்டது மனிதனின் தொன்மையை. மண்ணைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது எத்தனை பக்கங்களைத் திறந்து காட்டுகிறது, பாருங்கள்!

இது நமக்குப் புதிய சிந்தனையன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்து, மரமும் பூவும் விலங்கும் தொழிலும் அவற்றிலிருந்து பிறக்கும் கருப்பொருள் என்று கண்டது தொல்காப்பியம். வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார். உழவுக்குத் தனி அதிகாரமே அமைத்தார். மண், வானிலை, பயிர் ஆகிய மூன்றும் ஒரே அறிவின் மூன்று முகங்கள் என்பது நம் முன்னோர் கருத்து. இன்றைய கல்லூரிகள் அவற்றை மண்ணூல் என்றும் வானிலை நூல் என்றும் பயிர்நூல் என்றும் பிரித்துக் கற்பிக்கின்றன.

வானத்தை அளப்பவர்

வானிலைக் கல்வி என்றவுடன் அது எங்கோ தொலைவில் உள்ளதென்று எண்ணவேண்டா. திருப்பதிக்கு அருகில் காதங்கி என்னும் சிற்றூர் உண்டு. அங்கே 1992ஆம் ஆண்டு தொடங்கிய நிலையம், 2005 முதல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் என்னும் பெயரோடு விளங்குகிறது. சுமார் 130 மீட்டர் சதுரமான திடலில் 1,024 அலைவாங்கிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவை வானை நோக்கி வானொலி அலைகளை அனுப்புகின்றன. காற்றின் அடுக்குகளில் பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொலியைக் கொண்டு, எவ்வுயரத்தில் காற்று எத்திசையில் எவ்வளவு விரைவாக வீசுகிறது என்று கணிக்கின்றனர்.

கிழக்கே புலிக்கட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து எழும் ஏவுகணையின் புகைக்கோட்டை நம் பிள்ளைகள் மாடியில் நின்று பார்த்துக் கைதட்டுகின்றனர். அவற்றுள் சில எதற்காகச் செல்கின்றன என்பதை அவர்கள் அறிதல் நலம். 2024 பிப்ரவரியில் சென்ற இன்சாட்-3டிஎஸ் வானிலையைக் காணும் துணைக்கோள். 2025 ஜூலை 30ஆம் நாள் சென்ற நைசார், இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. நிலத்தின் சிறு அசைவையும் மண்ணின் ஈரத்தையும் விண்ணிலிருந்து அளக்க வல்லது. அத்துணைக்கோள் தரும் படத்தைப் பார்த்து, இது எந்த மண், இங்கே எந்தப் பயிர், இன்னும் எத்தனை நாள் ஈரம் தாங்கும் என்று சொல்ல மண்ணூல் கற்றவர் வேண்டும். ஏவுகணை செய்வோர் மட்டும் போதாது.

இவ்வறிவின் தேவை நமக்குக் கதையில் கேட்டதன்று. நமக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம். வங்கக் கடலில் தாழ்வழுத்தம் தோன்றினால் பிச்சாட்டூர் அணை நிரம்பும். திறந்துவிட்ட நீர் ஆரணியாற்றில் இறங்கிச் சுருட்டப்பள்ளியைக் கடந்து, ஊத்துக்கோட்டைத் தரைப்பாலத்தை மூழ்கடித்த ஆண்டுகள் பல. அவ்வாறு முழுகிய நாள்களில் ஊருக்குப் போகமுடியாமல் நம்மில் எத்தனை பேர் தவித்திருக்கிறோம்! 2021 நவம்பர் மழையையும், 2023 டிசம்பரில் பாபட்லா அருகே கரை கடந்த மிக்ஜாம் புயலையும் நாம் மறக்கவில்லை. ஆறு ஆந்திரத்தில் பிறந்து தமிழ்நாட்டில் ஓடிக் கடலைச் சேர்கிறது. அணையில் நிற்பவரும் கரையில் நிற்பவரும் ஒரே மழைக்கணக்கைப் பார்த்தால்தான் உயிர்கள் தப்பும். இரு மொழியும் அறிந்து, வானிலையும் கற்ற பிள்ளை ஒருவன் அந்த இடத்தில் நின்றால் அவன் பயன் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

முன் சென்றோர்

இத்துறைகளில் பெயர் பெற்றோர் நம்மிடையே இல்லையா? உண்டு. கோயம்புத்தூரில் 1912ஆம் ஆண்டு கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியது. அங்கே பார்பர் என்னும் ஆங்கிலேயருடன் பணியாற்றிய தி. சு. வேங்கடராமன், இனிக்கும் கரும்பையும் காட்டில் வளரும் நாணலையும் கலந்து புதிய இனம் காண முனைந்தார். நாணலில் சாறு இல்லை. ஆனால் குளிரையும் நோயையும் தாங்கும் உரம் உண்டு. அவ்வாறு பிறந்த ‘கோ 205’ என்னும் கரும்பு 1918இல் வட இந்திய உழவர் கைக்குச் சென்றது. ‘கோ’ என்பது கோவையைக் குறிக்கும் எழுத்து. பஞ்சாபின் வயலில் நம் கோவையின் பெயர் விளைந்தது!

கும்பகோணத்தில் 1925இல் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் மருத்துவராக வேண்டியவர். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் அவர் உள்ளத்தைத் திருப்பிற்று. கோவை வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். 1949இல் காவல்துறையின் உயர்பணிக்குத் தேர்வு பெற்றும், அதனை விடுத்து நெதர்லாந்துக்கு ஆராய்ச்சி செய்யச் சென்றார். அவர் காவல் அதிகாரியாகியிருந்தால் ஒரு மாவட்டம் நன்மை பெற்றிருக்கலாம். அவர் பயிர்நூலைத் தேர்ந்ததால் ஒரு நாட்டின் அடுப்பு எரிந்தது. 1987இல் முதல் உலக உணவுப் பரிசு அவருக்கே கிடைத்தது. 2023இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பாரத ரத்னா வழங்கப்பெற்றது.

பெண்மக்களுக்கு ஒன்று சொல்வோம். பீர்மேட்டில் 1918இல் பிறந்த அன்னா மாணி, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்று, 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்த வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். வெயிலின் ஆற்றலை நாடெங்கும் அளக்கச் செய்தார். 1976இல் அத்துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். கோவைக் கரும்பு நிலையத்தில் உழைத்த ஜானகி அம்மாளும் நினைவில் கொள்ளத்தக்க தாவர நூலறிஞர். இவ்விருவரும் வெயிலுக்கு அஞ்சவில்லை. அவர்களைத் தடுத்த ஊரார் சொல்லுக்கும் அஞ்சவில்லை.

எங்கே படிப்பது?

இனி நடைமுறைக்கு வருவோம். பத்தாம் வகுப்பு முடித்தவுடன் வேலைக்குச் செல்ல வேண்டிய குடும்பமாயின், வேளாண்மைப் பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டு. பட்டம் வேண்டுவோர் இண்டர்மீடியட்டில் உயிரியல், இயற்பியல், வேதியியல் பிரிவை எடுத்து, மாநில நுழைவுத் தேர்வை எழுதவேண்டும். வேளாண்மைப் பட்டம் நான்கு ஆண்டு. திருப்பதி வேளாண்மைக் கல்லூரி 1961இல் தோன்றியது. இன்று ஆச்சாரியா என். ஜி. ரங்கா பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. பாபட்லாக் கல்லூரி 1945இல் தோன்றிய மூத்தது. தோட்டக்கலையை விரும்புவோருக்கு மேற்குக் கோதாவரிப் பக்கத்து வெங்கடராமன்னகூடத்தில் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. எல்லைக்கு அப்பால், சைதாப்பேட்டையில் விதைபோட்டு 1906இல் கோவைக்குப் பெயர்ந்து வளர்ந்த மரபின் வாரிசு, 1971 முதல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். வனவியலுக்கு அதன் மேட்டுப்பாளையம் கல்லூரி. அறிவியல் ஆராய்ச்சியையே நாடுவோர், 2015இல் திருப்பதியில் தொடங்கிய ஐசர் நிறுவனத்தின் ஐந்தாண்டுப் படிப்பையும், வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் தாவரவியல், நிலநூல் துறைகளையும் கருதலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுதல் கடமை. நாம் சத்தியவேட்டில் வாழ்பவர், உறவோ தமிழ்நாட்டில். 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் செல்ல, செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர்ப்பகுதி ஆந்திரத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. கோடுகள் மாறும்போதெல்லாம் பிள்ளைகளின் சான்றிதழ்களும் சேர்ந்து அலைகின்றன. ஆந்திரத்தில் தகுதித் தேர்வோடு முடியும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இப்பகுதியில் படித்தவரை உள்ளூர் மாணவர் என்று கொள்ளும் விதி 1974 முதல் உண்டு. இடங்களில் பெரும்பகுதி அவர்களுக்கே. தமிழ்நாட்டிலோ எட்டாம் வகுப்பு முதல் எங்கே படித்தார் என்பதையும், பிறப்பிடச் சான்றையும் பார்க்கின்றனர். பத்து வரை இங்கே படிக்கவைத்து, கடைசி இரண்டு ஆண்டுக்கு மட்டும் பிள்ளையைத் தமிழ்நாட்டு விடுதியில் சேர்க்கும் வழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. அப்பிள்ளை இரண்டு கரைக்கும் நடுவே நின்று தவிக்க நேரலாம். எனவே ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவு செய்யுங்கள். அவ்வவ்வாண்டின் அறிவிப்பை முழுவதும் படியுங்கள். செவிவழிச் செய்தியை நம்பிப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

வேலை கிடைக்குமா?

கேட்க வேண்டிய கேள்விதான். வேளாண் அலுவலர், தோட்டக்கலை அலுவலர் பணிகள் இரு மாநிலங்களிலும் உள்ளன. 2019இல் ஆந்திரத்தில் ஊர்ச் செயலகங்கள் அமைந்தபோது, வேளாண்மைப் பட்டமும் பட்டயமும் பெற்ற இளைஞர் பலர் தம் பக்கத்து ஊர்களிலேயே பணியில் அமர்ந்தனர். வங்கிகள் வேளாண் கள அலுவலரைத் தனித் தேர்வு வைத்து எடுக்கின்றன. இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல், நிலநூல், வேளாண்மை, வனவியல் கற்றோர் உரியவர். வானிலைத் துறை, மண் ஆய்வுக்கூடம், விதை நிறுவனம், உணவுத் தரச் சோதனை எனப் பட்டியல் நீளும். 2015இல் தொடங்கிய மண் நல அட்டைத் திட்டத்தில் ஒவ்வொரு வயல் மண்ணிலும் 12 குணங்களைச் சோதிக்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடமும் வேண்டும். முடிவை உழவருக்கு விளங்கச் சொல்லும் நாவும் வேண்டும்.

எல்லாருக்கும் உடனே அரசுப் பணி கிடைக்கும் என்று யாம் கூறவில்லை. போட்டி கடுமையானது, சிலர் முதுகலை வரை படித்துக் காத்திருக்கவும் நேரும். ஆனால் எந்தப் படிப்பில் போட்டி இல்லை? நம் ஆலைகளையே பாருங்கள். இத்தொழிற்பேட்டையில் சாக்லேட் செய்யும் ஆலை உண்டு. தானிய உணவு செய்யும் ஆலையும் உண்டு. கொக்கோ கோதாவரிக் கரையின் தென்னந்தோப்பில் ஊடுபயிராக விளைகிறது. சித்தூர் மாங்கூழ் ஆலைகள் தோத்தாபுரி மாம்பழத்தை நம்பி நிற்கின்றன. விளைச்சலைக் கணிக்கவும் தரத்தைச் சோதிக்கவும் தெரிந்தவரை அந்த ஆலைகளும் தேடுகின்றன.

வேர்க்கடலையையும் சொல்லாமல் விடலாகாது. நாராயணி, தரணி என்னும் கடலை இனங்கள் திருப்பதி வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்தவை. மழை ஏமாற்றும் மானாவாரி நிலத்தில் ஓர் இனம் வறட்சியைச் சில நாள் கூடுதலாகத் தாங்கினால், அச்சில நாள்களே உழவர் வீட்டுக் கடனுக்கும் உணவுக்கும் இடையேயான தொலைவு. அத்தொலைவைக் கூட்டுபவர் ஓர் ஆராய்ச்சியாளர். அவர் பெயரை அவ்வுழவர் அறியமாட்டார். அறியாவிட்டால் என்ன? அந்தக் கடலையை அவர் பிள்ளைகள் தின்பார்களல்லவா?

“நிலமில்லாத வீட்டுக்கு ஏர்ப்படிப்பு எதற்கு?” என்று அன்று கேட்டோம். இன்று விடை தெரிகிறது. மருத்துவம் படிப்பவர் வீட்டில் மருத்துவமனையா இருக்கிறது? நிலம் இழந்த குடியின் பிள்ளைக்கே நிலத்தின் அருமை நன்றாகத் தெரியும். வயலை விட்டு வந்தோம். வயலின் அறிவையும் விட்டுவிட வேண்டுமென்று எவரும் விதிக்கவில்லை.

ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, நுழைவுத் தேர்வு அறிவிப்புகளை ஆண்டுதோறும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் படித்துத் தமிழில் எடுத்துரைக்க மூவர் கொண்ட குழு அமைய வேண்டும். அதில் ஒருவரேனும் தாய்மாராக இருத்தல் வேண்டும். இரண்டு, ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறை திருப்பதிக் கல்லூரிக்கும் காதங்கி ஆராய்ச்சிக்கூடத்துக்கும், முறைப்படி இசைவு பெற்று, அழைத்துச் செல்ல வேண்டும். மூன்று, கருத்துக் கேட்டு வருவோரிடம், அறியாததை அறியோம் என்று சொல்லும் துணிவு பெரியவராகிய எமக்கு வேண்டும்.

நம் கன்றுகளைத் தளிர்க்கச் செய்த மாணவருக்கு இம்மேடையிலிருந்து நன்றி கூறுகிறோம். அன்று இடத்தை விட்டுக்கொடுத்த பெண்ணும் இந்த அவையில் அமர்ந்திருக்கிறாள் என்று அறிவோம். அம்மா, அந்த நாளை உனக்குத் திருப்பித் தர எம்மால் ஆகாது. உன் தம்பி தங்கையர் இதே கேள்வியோடு வரும்போது, முதலில் அவர்கள் விருப்பத்தைக் கேட்போம். பிறகே எம் வாயைத் திறப்போம். இவ்வுறுதியை அவையறியக் கூறி அமைகிறோம்.